பழி பசுவுக்கு மட்டும்தானா?

இரண்டு மூன்று முறை சினை ஊசி போட்டும் பசு சினை பிடிக்காவிட்டால், மலட்டு மாடு என்று பெயர் சூட்டிச் சந்தைக்கு ஓட்டிவிடுவது வழக்கமாகிவிட்டது. கன்று உருவாவதில் காளைக்கும் சரிபாதிப் பங்கு உண்டு என்பதைப் பலர் எண்ணிப் பார்ப்பதில்லை.

போடிநாயக்கனூரிலும், குரங்கணி, கொட்டகுடி போன்ற மலையோர ஊர்களிலும் ஒன்றிரண்டு கறவை மாடுகளை நம்பியிருக்கும் குடும்பங்கள் உண்டு. விடியற்காலையில் ஜீப் ஏறி ஏலத் தோட்ட வேலைக்குப் போய் அந்தியில் திரும்புகிறவர்களுக்கு ஒரு பருவம் வீணானால் 21 நாள் தீவனச் செலவு நட்டம். மூன்று பருவம் வீணானால் பால் வருமானம் இரண்டு மாதம் தள்ளிப் போகும்.

தமிழ்நாட்டில் உதகமண்டலம், ஓசூர், தஞ்சை மாவட்டம் ஈச்சங்கோட்டை ஆகிய இடங்களில் அரசின் உறைவிந்து நிலையங்கள் உள்ளன. ஒரு குச்சியில் 2 கோடி விந்தணுக்கள் இருக்க வேண்டும். இளக்கிய பின் பாதியாவது முன்னோக்கி நீந்த வேண்டும் என்பது நாடு முழுவதற்குமான விதி. நல்ல விதிதான். ஆனால் நீந்தும் அணுவெல்லாம் சினைப்படுத்தும் அணு அல்ல. இச்சோதனையில் தேறிய இரு காளைகளுக்குள்ளேயே சினை விகிதம் வேறுபடுவது உண்டு.

உயிர் வேதியியல் சோதனைகள் இங்குதான் கை கொடுக்கும். விந்தணுவின் மேலுறை சிதைந்தால், ஓட்டைப் பானையில் நீர் கசிவது போல உள்ளிருக்கும் நொதிகள் விந்து நீரில் கசியும். எண்ணெய் காறிப் போவது போல மேலுறைக் கொழுப்பு கெட்டாலும் அதன் அடையாளப் பொருள் சோதனையில் தெரியும். 1993-ல் அமெரிக்காவின் பென்சில்வேனியா மாநிலப் பல்கலைக்கழக ஆய்வாளர்கள், ஹோல்ஸ்டீன் காளைகளின் விந்து நீரில் சினைத்திறனோடு தொடர்புடைய நான்கு புரதங்களைக் கண்டனர். இரண்டு, திறன் மிக்க காளைகளில் மிகுதி; மற்ற இரண்டு, திறன் குறைந்த காளைகளில் மிகுதி.

ஆயினும் எல்லாக் குறைக்கும் காளையே காரணம் அல்ல. காலையில் பருவம் கண்ட பசுவுக்கு மாலையிலும், மாலையில் கண்டால் மறுநாள் காலையிலும் ஊசி போட வேண்டும். குச்சியை 37 டிகிரி வெந்நீரில் 30 விநாடி இளக்க வேண்டும். கருப்பை நோயும் தாது உப்புக் குறைவும் சினையைத் தடுக்கும். ஊசியை வெறுத்து, சோதிக்கப்படாத ஊர்க் காளையிடம் பசுவை விடுவதோ கருச்சிதைவு நோயை விலைக்கு வாங்குவதாகும்.

ஆகவே சோதனைச்சாலைக் கணக்கும் தொழுவத்துக் கணக்கும் ஒன்று சேர வேண்டும். குச்சியில் காளை எண் அச்சிடப்பட்டிருக்கும். அதைக் கேட்டு, ஊசி போட்ட தேதியுடன் நோட்டில் குறித்துக் கொள்வது விவசாயியின் கடமை. கால்நடை மருந்தகங்கள் காளை வாரியாகச் சினை விகிதத்தைத் தொகுக்க வேண்டும். பின்தங்கும் காளைகளின் விந்தை நொதி, புரதச் சோதனைக்கு உட்படுத்தி, குறை உறுதியானால் கழித்துவிட வேண்டும். தேனியில் 2020 முதல் கால்நடை மருத்துவக் கல்லூரி உள்ளது. இப்பணியைப் போடி மலைச்சரிவு ஊர்களிலேயே தொடங்கினால் என்ன?