பட்டத்திற்குப் பின் பட்டறை

இயந்திரப் பொறியியலில் பட்டம் பெற்ற இளைஞர் பலர், மேசைப் பதவி ஒன்றையே எதிர்நோக்கி வேலையின்றிக் காலங்கழிக்கின்றனர். இது தகாது. 1961ஆம் ஆண்டின் தொழிற் பழகுநர் சட்டம், 1973இல் செய்யப்பெற்ற திருத்தத்தால் பொறியியற் பட்டதாரிகளுக்கும் வழி திறந்துள்ளது. அவர்கள் ஓராண்டு வரை தொழிற்சாலையில் பயிலலாம். குறைந்தபட்ச உதவித்தொகையில் பாதியை மத்திய அரசு ஏற்கிறது.

பயிற்சி முடிந்தபின் வேலை அளித்தே தீரவேண்டும் என்னும் கடப்பாடு தொழிலதிபருக்கு இல்லை என்பது மெய்யே. ஆயினும், கடைசல் இயந்திரத்தின் அதிர்வையும் தாங்கியின் தேய்வையும் கையால் தொட்டறிந்தவருக்குப் பராமரிப்பு, தரச்சோதனை, சிறுதொழில் ஆகிய துறைகள் எட்டாதவை அல்ல. வீட்டில் காத்திருந்து கழிந்த ஆண்டோ எதையும் கற்பிப்பதில்லை.

மும்பை, சென்னை, கான்பூர், கொல்கத்தா ஆகிய நகரங்களிலுள்ள பயிற்சி வாரியங்கள் இப்பணியைக் கவனிக்கின்றன. இறுதியாண்டு வகுப்பிலேயே மாணவர் இதனை அறியச் செய்தல் ஆசிரியரின் கடமை. வீடு திரும்பிய பட்டதாரிக்கு எடுத்துரைத்தல் களப்பணியாளரின் கடமை.