நடப்படாத வயலின் கணக்கு

பௌத்தத் துறவியர் மூன்று மாதங்கள் ஒரே விகாரையில் தங்கியிருக்கும் கார்காலத் தங்கல் தாய்லாந்தில் ஜூலை மாதத்தில் தொடங்குகிறது. ஊர்விட்டு ஊர் நடக்கும் துறவியரின் காலடியில் இளநாற்று மிதிபடக் கூடாது என்பது அந்த விதிக்கு வழிவழியாகச் சொல்லப்படும் காரணம். 2015-ஆம் ஆண்டு அத்தங்கல் ஜூலை 31 அன்று தொடங்கியது. மழையை நம்பிய வடபுல வயல்கள் பலவற்றில் அன்று மிதிபடுவதற்கு நாற்றே இல்லை.

வலுவான எல் நினோ ஆண்டுகளுள் ஒன்று அது. முந்தைய ஆண்டே நீர்வரத்துப் போதவில்லை. பிங் ஆற்றின் குறுக்கே 1964-இல் கட்டி முடிக்கப்பட்ட பூமிபோல் அணையும், உத்தரடிட் மாநிலத்திலுள்ள சிரிகிட் அணையும் மழைக்காலத்தின் தொடக்கத்திலேயே அடிமட்டத்தை நெருங்கியிருந்தன. பூமிபோல் அணையின் கொள்ளளவு 13,462 மில்லியன் கனமீட்டர் என்று பாடநூல்கள் பெருமையுடன் சொல்லும்; அதில் 3,800 மில்லியன் கனமீட்டர் திறந்துவிட இயலாத அடிநீர் என்பது வறண்ட ஆண்டுகளில் மட்டுமே நினைவுக்கு வருகிறது. அரச நீர்ப்பாசனத் துறை, சாவ் பிரயா படுகையின் உழவர்களை நடவைத் தள்ளிப்போடும்படி கேட்டுக்கொண்டது. ஜூலை நடுவில், முதன்மையான நான்கு அணைகளிலிருந்து நாளொன்றுக்குத் திறக்கப்பட்ட நீர் 28 மில்லியன் கனமீட்டரிலிருந்து 18 மில்லியனாகக் குறைக்கப்பட்டது. குடிநீருக்கும், கழிமுகத்தில் கடல்நீர் ஏறாமல் தடுப்பதற்கும் அந்த நீர் வேண்டும் என்பது அரசின் வாதம். அந்த வாதத்தில் பிழையில்லை. நகரத்துக் குழாய்நீர் உப்பாகிவிடக் கூடாது என்பதற்காக யாரோ ஒருவர் காத்திருக்கத்தான் வேண்டும். காத்திருந்தவருக்கு என்ன கணக்கு என்பதே கேட்கப்படாத கேள்வி.

மழைக்காலத்து வறட்சியை ஆண்டு மொத்த மழையால் அளக்க முடியாது. சியாங் மாய் பகுதியில் மழையின் உச்சம் ஆகஸ்ட், செப்டம்பர் மாதங்களில் வருகிறது. ஜூனும் ஜூலையும் பொய்த்து, தென்சீனக் கடலிலிருந்து வரும் புயலொன்று செப்டம்பரில் கொட்டித் தீர்த்தால் ஆண்டுச் சராசரி ஏறத்தாழ நேராகிவிடும். அட்டவணையில் அது கெட்ட ஆண்டாகவே தோன்றாது. தாய்லாந்து வானிலைத் துறை இந்த இடைவெளிக்குத் தனிப்பெயரே வைத்திருக்கிறது: ‘ஃபொன் திங் சுவாங்’, அதாவது மழை இடைவெளி விட்டுப்போதல். மழைக்காலத்தில் தொடர்ந்து 15 நாட்களுக்கு மேல், நாளுக்கு 1 மில்லிமீட்டர் மழைகூடப் பெய்யாதிருப்பது அதன் இலக்கணம். ஜூன் பிற்பகுதியிலும் ஜூலையிலும் அது பெரும்பாலும் நேர்கிறது. அந்த வாரங்களில்தான் நாற்றங்காலில் நாற்று வளர்ந்துகொண்டிருக்கும்.

வடக்கின் நெல் பெரும்பாலும் பசையரிசி நெல். 1977-இல் வெளியிடப்பட்ட ஆர்.டி. 6 என்னும் வகை இன்றும் பரவலாகப் பயிராகிறது. பகல்நேரம் குறையத் தொடங்கும்போது பூக்கும் இயல்புடைய நெல் அது. எப்போது நட்டாலும் அக்டோபர் பிற்பகுதியில் பூத்து, நவம்பர் பிற்பகுதியில் அறுவடைக்கு வந்துவிடும். ஒரு மாதம் தாழ்த்தி நட்டால் அறுவடை ஒரு மாதம் தாழ்ந்து வருவதில்லை. பயிர் தூர் கட்டும் காலம்தான் ஒரு மாதம் குறைகிறது. மறுபுறம், ஜூனில் விட்ட நாற்று நடவுக்கு நீரின்றி நாற்றங்காலிலேயே நின்று முற்றிப்போகிறது. முற்றிய நாற்று நட்டாலும் சரியாகத் தூர் வெடிப்பதில்லை. இரண்டாம் முறை விதை வாங்கி, நாற்றுவிட்டு, உழவு இயந்திரத்துக்கு மறுபடியும் கூலி கொடுக்க வேண்டும். ‘நடவைத் தள்ளிப்போடுங்கள்’ என்னும் வேண்டுகோள் தேதியொன்றை மாற்றச் சொல்வதுபோல் ஒலிக்கிறது. ஒளியை நம்பும் நெல்லிடம் அப்படியொரு தேதி மாற்றம் செல்லாது. குறுகிய காலத்தில் விளையும், பகலொளியைப் பொருட்படுத்தாத வகைகளும் உள்ளன. ஆனால் வீட்டுக்கு உண்ணும் நெல்லை அவ்வளவு எளிதில் மாற்றிக்கொள்ளும் உழவர் எந்த நாட்டிலும் குறைவு.

இனி, இழப்பீடு. 2015-இல் நெல்லுக்குப் பேரிடர் உதவி ஒரு ராய்க்கு 1,113 பாட். ஒரு குடும்பத்துக்கு 30 ராய் வரை. ராய் என்பது 1,600 சதுரமீட்டர். இரண்டரை ராய் ஏறத்தாழ ஓர் ஏக்கர். உதவி பெற மூன்று நிபந்தனைகள்: பயிர் வேளாண் விரிவாக்கத் துறையில் முன்பே பதிவாகியிருக்க வேண்டும், பகுதி பேரிடர் பகுதியாக அறிவிக்கப்பட வேண்டும், பயிர் முழுமையாகச் சேதமடைந்திருக்க வேண்டும். மூன்றும் பயிர் வயலில் இருப்பதை முன்னிறுத்துபவை. அரசின் சொல்லைக் கேளாமல் மே மாதத்து முதல் மழையிலேயே விதைத்து, ஜூலையில் கருகவிட்டவரிடம் காட்டுவதற்கு ஒரு வயல் இருக்கிறது. சொல்லைக் கேட்டுக் காத்திருந்தவரிடம் வெடித்த மண் மட்டுமே இருக்கிறது. அதைப் படம்பிடித்துப் பத்திரிகைகள் முதல் பக்கத்தில் போடலாம். படிவத்தில் நிரப்ப அதற்குக் கட்டமில்லை. கடன் தவணையைத் தள்ளிவைத்தல், தற்காலிகக் கூலிவேலை போன்ற உதவிகள் அப்பருவத்தில் அறிவிக்கப்பட்டன என்பதை மறுக்க வேண்டியதில்லை. எனினும் அவை கருணையின் கணக்கில் வருபவை, இழப்பின் கணக்கில் அல்ல. ‘உழவர்கள் அறிவுரையைக் கேட்பதில்லை’ என்று ஒவ்வொரு வறட்சியிலும் குறைபட்டுக்கொள்ளும் அதிகாரிகள், கேட்காதவருக்கே விதி சாதகமாக இருப்பதைக் கவனித்தால் நல்லது.

கணக்கு இப்படியிருக்க, பழி வேறெங்கோ போகிறது. வடக்கில் நீர் குறையும்போதெல்லாம் மலையில் வாழும் ஹ்மாங், கரேன் மக்கள் காட்டை அழித்ததால் மழை போயிற்று என்னும் பேச்சு எழும். சோம் தோங் மாவட்டத்தில் பள்ளத்தாக்கு உழவர்களுக்கும் ஹ்மாங் மக்களுக்கும் இடையே 1980-களின் இறுதியிலிருந்து நடந்த பூசல் இப்பேச்சின் நேரடி விளைவு. டிம் ஃபோர்சித், ஆண்ட்ரூ வாக்கர் இருவரும் 2008-இல் வெளியிட்ட வட தாய்லாந்தின் சூழலறிவு அரசியல் பற்றிய நூல், இந்த நம்பிக்கையின் அறிவியல் அடிப்படை எவ்வளவு மெல்லியது என்று விரிவாக ஆராய்கிறது. காடு நீரைத் தேக்குவது மட்டுமன்றி உறிஞ்சி ஆவியாக்கவும் செய்கிறது. கீழே பள்ளத்தாக்கில் இரண்டாம் போகமும் பழத்தோட்டமும் பெருகி, நீர்த்தேவையே ஏறிவிட்டது. லம்பூனிலும் சியாங் மாயிலும் நெல்வயல் லாங்கன் தோப்பாக மாறிய ஊர்களில் ஆழ்குழாய்க் கிணறு உள்ளவருக்கும் இல்லாதவருக்கும் வறட்சி ஒன்றல்ல. மலைமேல் இருப்பவரைக் காட்டிவிட்டால் இதையெல்லாம் பேச வேண்டியிராது.

அணைப் பேச்சும் அவ்வாறே. ப்ரே மாநிலத்தில் யோம் ஆற்றின் குறுக்கே கேங் சுவா டென் அணை கட்டும் திட்டம் பல பத்தாண்டுகளாக வெள்ளம் வந்தாலும் எழுகிறது, வறட்சி வந்தாலும் எழுகிறது. தேக்குக் காட்டையும் தம் ஊரையும் இழக்க மறுக்கும் சா இயாப் மக்கள் ஒவ்வொரு முறையும் தெருவுக்கு வருகிறார்கள். செயற்கை மழையைப் பற்றி நீளமாகச் சொல்லத் தேவையில்லை. 1969-இல் முதன்முதலாகச் சோதிக்கப்பட்டு, இன்று தனித்துறையாகவே இயங்கும் அத்திட்டத்துக்கும் ஈரம் செறிந்த மேகம் வேண்டும்; மழை இடைவெளி விட்ட வாரங்களில் அரிதாவது அதுதான். 2019 ஜூலையில் மீகாங் ஆற்றின் நீர்மட்டம் அப்பருவத்தில் கண்டிராத அளவுக்குத் தாழ்ந்தபோது உலக ஊடகங்கள் சீன அணைகளை நோக்கித் திரும்பின. அந்த விவாதம் தேவையானதுதான். ஆனால் ஆற்றுநீர் எட்டாத மேட்டுவயல்காரர் அதே ஜூலையில் நாற்றோடு வானத்தைப் பார்த்து நின்றது அந்த விவாதத்துக்குள் வரவேயில்லை.

பற்றாக்குறையைப் பங்கிடும் வழி வடக்குக்குப் புதியதன்று. லன்னா நாட்டில் ‘முவாங் ஃபாய்’ என்னும் முறை நூற்றாண்டுகளாக உண்டு. முவாங் என்றால் வாய்க்கால், ஃபாய் என்றால் கொரம்பு போன்ற தடுப்பு. 1296-இல் சியாங் மாய் நகரை நிறுவிய மங்ராய் மன்னரின் பெயரால் வழங்கும் சட்டத்தொகுப்பிலேயே பாசனம் பற்றிய விதிகள் உள்ளன. மூங்கிலும் மரக்கழிகளும் ஆற்றில் அடித்து, கல்லும் மண்ணும் இட்டு எழுப்பும் தடுப்பு அது. நீரை முழுவதும் நிறுத்தாது, கசிந்து கீழூருக்கும் போகும். ஆண்டுதோறும் அதைச் செப்பனிடுவது வயலுடையோர் கடமை; தமிழ் வாசகர் குடிமராமத்து என்று அறிந்ததற்கு நெருக்கமானது. யார் எத்தனை ராய் வைத்திருக்கிறாரோ அந்த அளவுக்கு உழைப்பும் கழிகளும் தர வேண்டும். அந்த அளவுக்கே நீரும். நீர் குறைந்த ஆண்டில் முறை வைத்துப் பாய்ச்சுவதை ஊர் தேர்ந்தெடுத்த வாய்க்கால் தலைவர் கவனிப்பார். மேல்மடைக்காரரின் ஆதிக்கமும் சண்டையும் அதிலும் இருந்தன. அதைப் பொற்காலமாக எழுதும் ஆய்வுகள் சற்று மிகைப்படுத்துகின்றன. ஆனால் ஒருவரைக் காத்திருக்கச் சொல்லும்போது அவர் யார், அவருக்கு எத்தனை வயல் என்பது சொல்பவருக்குத் தெரிந்திருந்தது.

இன்றும் அது தெரியாத செய்தியன்று. ஊரில் யார் எந்த வாரம் நாற்றுவிட்டார் என்பதை ஊர்த்தலைவரும் வேளாண் அலுவலரும் அறிவார்கள். நாற்றங்காலில் விதை விழுந்த நாளையே பதிவு நாளாகக் கொண்டு, அரசின் வேண்டுகோளை ஏற்று நடாமல் விட்ட ராய்க்கும் விதை, உழவுச் செலவைத் தருவது நிர்வாகத்துக்கு முடியாத காரியமாகத் தெரியவில்லை. 2021-இல் நெல்லுக்கான உதவித்தொகை 1,113 பாட்டிலிருந்து 1,340 பாட்டாக உயர்த்தப்பட்டது. உயர்ந்த தொகையும் வயலில் நின்று மடிந்த பயிருக்கே உரியது.