வாயைத் திறந்து கேளுங்கள், தோழர்களே!

தோழர்களே! ரெட்டியார்சத்திரத்துத் தோட்டங்களில் தக்காளி பறிக்கும் தோழர்களே! ஒட்டன்சத்திரம் மார்க்கெட்டில் மூட்டை தூக்கும் தோழர்களே! கேளுங்கள்!

கொரோனா போய்விட்டது என்கிறார்கள். நம் வாயை விட்டுப் போனதா?

காய்ச்சல் நின்றது. நாக்கு வறண்டது. சோறு மண்ணாய் இருந்தது. சத்துக்குறைவு, தானாகச் சரியாகும் என்று ஆஸ்பத்திரியில் சொல்லி அனுப்பி வைத்தார்கள். சத்துக்குறைவு இல்லை தோழர்களே! அந்தக் கிருமி எச்சில் சுரப்பிக்குள்ளேயே புகும். 2021-லேயே விஞ்ஞானிகள் கண்டு சொன்னார்கள். எச்சில் வற்றினால் பல் சொத்தையாகும். ஈறு புண்ணாகும். நாக்கில் வெள்ளை படியும். சர்க்கரை உள்ளவர் பாடு இன்னும் மோசம்.

2021 மே மாதத்தை மறந்துவிட்டோமா? கருப்புப் பூஞ்சை! கண்டதும் அரசுக்குத் தெரிவித்தாக வேண்டிய நோய் என்று தமிழக அரசே அறிவித்த மாதம். உடம்பில் ஏறிய சர்க்கரை, உயிர் காக்கக் கொடுத்த ஸ்டீராய்டு, இரண்டும் சேர்ந்த இடத்தில் பூஞ்சை நுழைந்தது. மேல்பல் ஆடியது. அண்ணம் கறுத்தது. எத்தனையோ பேருக்கு மேல்தாடையையே வெட்டி எடுத்தார்கள். உயிர் மிஞ்சியது. ஒரு மடக்குக் கஞ்சி குடித்தால் மூக்கு வழியே வருகிறது. பேசினால் பாதிச் சொல் காற்றாய்ப் போகிறது. பந்தியில் உட்காரக் கூசுகிறார்கள்.

தாடையை எடுத்த இடத்தில் விழுந்த ஓட்டையை அடைக்கச் செயற்கை அண்ணம் உண்டு. பல் மருத்துவர் அளவெடுத்துச் செய்வார். அது தாடை இழந்தவர்களின் உரிமை. யாருடைய தயவும் அல்ல!

நாம் என்ன செய்தோம்? பல்வலிக்குக் கிராம்பு வைத்தோம். ஒருநாள் கூலி போகுமே என்று பொறுத்தோம். துண்டால் வாயைப் பொத்திக்கொண்டோம். பொறுத்தது போதும்! ஆடும் பல்லை மறைக்காதீர்கள்! வற்றிய நாக்கை மறைக்காதீர்கள்! மறைத்தால் தாடையையே இழக்க நேரலாம்.

அரசின் மக்களைத் தேடி மருத்துவம் திட்டம் சர்க்கரை மாத்திரையோடு வீட்டுக்கு வருகிறது. நல்லது, வரட்டும்! அதே வாசலில் டார்ச் அடித்து நம் வாயையும் பார்க்கட்டும்! தாடை இழந்தவரைக் கணக்கெடுக்கட்டும்! செயற்கை அண்ணத்தை இலவசமாகப் பொருத்தட்டும்!

மே 1 கிராம சபை வருகிறது. வாருங்கள்! ஒருவர் எழுந்தால் உட்காரச் சொல்வார்கள். ஊரே எழுந்தால்? பேச்சு வராத தோழரை முன்வரிசையில் உட்கார வையுங்கள். அவருக்காக நாம் பேசுவோம். இந்தக் கோரிக்கைகளைத் தீர்மானமாக எழுத வையுங்கள். உரக்கப் படிக்கச் சொல்லுங்கள். பிறகு கையெழுத்துப் போடுங்கள். வெற்றுத்தாளில் போடாதீர்கள்! இன்றிரவே பக்கத்து வீட்டுக் கதவைத் தட்டுங்கள்!