பாயின்ட்டைப் பிடிங்க பாஸ்!

சிம்போசியத்துக்கு மாடல் ரயில் பண்றீங்களா? இன்ஜின், பெட்டியெல்லாம் அப்புறம். தண்டவாளம் பிரியுற இடத்துல 'நாக்கு' தண்டவாளத்தைத் தள்ளுற பாயின்ட் மோட்டாரை முதல்ல முடிவு பண்ணுங்க.

சாலினாய்டு 'டப்'புனு அடிக்கும். பட்டனை அமுக்கிட்டே இருந்தா காயில் கருகிடும். ஸ்லோ மோஷன் மோட்டார் நிதானமாத் தள்ளி, விடாம பிடிச்சுக்கும், விலைதான் கடிக்கும். பட்ஜெட் பார்ட்டிகளுக்கு ரிச்சி ஸ்ட்ரீட் சர்வோ ஓ.கே. கூடவே ஆர்டுயினோ வேணும்.

எதை வாங்கினாலும் நாக்கு போய் ஒட்டினதைச் சொல்ல ஒரு ஸ்விட்ச் அவசியம். பட்டனை அமுக்கினதுமே பச்சை எரிஞ்சா அது சிக்னல் இல்ல, சீரியல் பல்பு!

நிஜ ரயில்வேயில் நாக்குக்கு நடுவே 5 மி.மீ. தகடு வெச்சு டெஸ்ட் பண்ணுவாங்க. அப்போ பாயின்ட் பூட்டிக்கவும் கூடாது, சிக்னல் கிடைக்கவும் கூடாது.

நம்ம கும்மிடிப்பூண்டி ரூட்டையே பாருங்க. 2024 அக்டோபர் 11 ராத்திரி, கவரைப்பேட்டை. பாக்மதி எக்ஸ்பிரஸுக்கு சிக்னல் மெயின் லைனுக்கு. ரயில் போனது லூப் லைனுக்கு. நின்னுட்டிருந்த சரக்கு ரயில் மேல மோதிடுச்சு. பலருக்குக் காயம், நல்லவேளை, உயிர் எதுவும் போகலை.

சிக்னலும் பாயின்ட்டும் ஒரே பேச்சு பேசணும். டேபிள் மேல ஓடுற ரயிலுக்கும் அதே ரூல்தான்!