வரிச் சுமை யார் தலையில்?

கீழமாசி வீதியின் மளிகைக் கடைகளிலாகட்டும், மாட்டுத்தாவணியில் பஸ்ஸுக்குக் காத்திருக்கும் பிரயாணிகளிடையே ஆகட்டும், ஒரு பேச்சு ஓயாமல் அடிபடுகிறது. நம் ராஜ்யத்தில்தான் வரி அதிகம் என்பார் ஒருவர். கேரளத்தில் வீட்டுச் செலவு இன்னும் அதிகம் என்பார் மற்றொருவர். பெங்களூரில் சம்பளமும் பெரிது, வாடகையும் பெரிது, மிச்சம் ஒன்றுமில்லை என்பார் மூன்றாமவர். ஒவ்வொருவரும் தமக்குத் தெரிந்த ஒரேயொரு விலையை எடுத்துக்கொண்டு ராஜ்யங்களுக்கெல்லாம் தீர்ப்புச் சொல்லிவிடுகிறார்.

இது வெறும் திண்ணைப் பேச்சன்று. மேலூரிலிருந்தும் உசிலம்பட்டியிலிருந்தும் பிழைப்புத் தேடி அயல் ராஜ்யம் போகலாமா என்று யோசிக்கும் வாலிபனுக்கு இது வாழ்க்கைப் பிரச்னை. வரி கொடுத்துவிட்டு, அதற்குக் கைமாறாக என்ன கிடைத்தது என்று கேட்கும் ஒவ்வொரு பிரஜைக்கும் இது உரிமைப் பிரச்னை. ஆகவே இதை நிதானமாக ஆராய்வது அவசியம்.

முதலில் ஒரு மயக்கத்தைப் போக்கிக்கொள்வோம். 2017-ஆம் ஆண்டு ஜூலை 1-ஆம் தேதி சரக்கு சேவை வரி அமலுக்கு வந்தது. அன்று முதல் சோப்புக்கும் துணிக்கும் ஹோட்டல் சாப்பாட்டுக்கும் மதுரையில் ஒரு வரி, லக்னோவில் வேறொரு வரி என்பது இல்லாமற் போயிற்று. வரி விகிதம் நாடெங்கும் ஒன்றே. ராஜ்ய சர்க்கார்கள் தங்கள் இஷ்டப்படி ஏற்றவோ இறக்கவோ இடமுள்ளவை இன்று சிலவே. பெட்ரோலும் டீசலும், மது, பத்திரப் பதிவு, மோட்டார் வாகனம், மின்சாரத்தின் மீதுள்ள வரி, உள்ளூர் ஸ்தாபனங்கள் வசூலிக்கும் சொத்து வரியும் தொழில் வரியும் ஆகியவையே அவற்றில் முக்கியமானவை. ராஜ்யத்துக்கு ராஜ்யம் ஒப்பிட வேண்டுமானால் இவற்றைத்தான் ஒப்பிட வேண்டும்.

ஒப்பிட்டுப் பார்த்தால் நாம் எதிர்பார்த்த பதில் கிடைப்பதில்லை. பெட்ரோலையே எடுத்துக்கொள்வோம். தமிழ்நாட்டில் 2021 ஆகஸ்டில் லிட்டருக்கு 3 ரூபாய் வரி குறைக்கப்பட்டபின் நிலைத்த விகிதம் 13 சதவீதமும், அதற்கு மேல் லிட்டருக்கு 11 ரூபாய் 52 பைசாவும் ஆகும். கேரளத்தில் விகிதம் 30 சதவீதத்தைத் தாண்டியது. அது போதாதென்று 2023 ஏப்ரல் முதல் சமூகப் பாதுகாப்பின் பெயரால் லிட்டருக்கு 2 ரூபாய் சேர்க்கப்பட்டது. ஆந்திரத்தில் 31 சதவீதமும், அதற்கு மேல் லிட்டர்வாரித் தீர்வையும். இவற்றின் பலனாக 2025-ஆம் ஆண்டில் கேரளம், ஆந்திரம், கர்நாடகம் ஆகிய மூன்று அண்டை ராஜ்யங்களையும் விடத் தமிழ்நாட்டில் பெட்ரோல் விலை குறைவாகவே இருந்தது. பத்திரப் பதிவிலோ நிலைமை கலப்பானது. கேரளத்தில் முத்திரைத் தீர்வையும் பதிவுக் கட்டணமும் சேர்ந்து 10 சதவீதம்; இங்கே 9 சதவீதம்; கர்நாடகத்தில் அதற்கும் குறைவு. நம் ராஜ்யத்தில்தான் எல்லா வரியும் அதிகம் என்ற பேச்சு, ஆகவே, அப்படியே ஒப்புக்கொள்ளத் தக்கதன்று.

அதற்காக, விகிதம் குறைவு என்று மகிழ்ந்து வாளாவிருந்துவிடலாமா? விகிதம் மட்டும் உண்மையைச் சொல்லிவிடாது. 2017-இல் தமிழ்நாட்டில் நிலத்தின் வழிகாட்டி மதிப்பு 33 சதவீதம் குறைக்கப்பட்டது. அதே மூச்சில் பதிவுக் கட்டணம் 1 சதவீதத்திலிருந்து 4 சதவீதமாயிற்று. 2023-இல் கட்டணம் 4-லிருந்து 2 ஆகக் குறைந்தது; வழிகாட்டி மதிப்போ பழைய உயரத்துக்கு ஏறிற்று. ஒரு கையால் கொடுத்து மறு கையால் வாங்கும் இந்த வித்தையில், பிரஜை கட்டிய ரூபாய் எத்தனை என்பதே கணக்கு. விகிதம் எத்தனை என்பதல்ல.

வாழ்க்கைச் செலவை ஒப்பிடுவதிலும் இத்தகைய மயக்கம் உண்டு. மத்திய சர்க்காரின் தொழிலாளர் இலாகா, ஆலைத் தொழிலாளரின் விலைவாசிக் குறியெண்ணை ஊர்வாரியாக வெளியிட்டு வருகிறது. அவ்வூர்களில் மதுரையும் ஒன்று. மதுரையின் எண்ணையும் மற்றோர் ஊரின் எண்ணையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்து, எண் பெரிதாக உள்ள ஊரே செலவு மிகுந்த ஊர் என்று முடிவு கட்டுவோர் உண்டு. இது பெரும் பிழை. ஒவ்வோர் ஊரிலும் 2016-ஆம் ஆண்டில் இருந்த விலையை 100 என்று வைத்துக்கொண்டு, அதற்குப் பின் அங்கே விலை எவ்வளவு ஏறிற்று என்பதையே அந்த எண் காட்டுகிறது. எந்த ஊரில் அரிசி மலிவு, எந்த ஊரில் வாடகை கொடிது என்பதை அது சொல்லாது.

குடும்பங்களின் செலவு பற்றி 2022-23-இல் நடந்த தேசிய ஆய்வு வேறொரு வெளிச்சம் தருகிறது. தமிழ்நாட்டுக் கிராமங்களில் ஒருவருக்கு மாதச் செலவு 5,310 ரூபாய். நகரங்களில் 7,630 ரூபாய். உத்தரப் பிரதேசத்தில் இவை முறையே 3,191 ரூபாயும் 5,040 ரூபாயும். கேரளத்தில் 5,924 ரூபாயும் 7,078 ரூபாயும். செலவு அதிகம் என்றால் விலை அதிகம் என்று மட்டும் பொருளல்ல. நம் ஜனங்கள் சற்று மேலாக உண்டு உடுத்தி வாழ்கிறார்கள் என்பதும் அதில் அடங்கியிருக்கிறது. ஆனால் வரி விகிதம் நாடெங்கும் ஒன்றாயிருக்கும்போது, அதிகம் செலவிடும் ராஜ்யத்தான் அதிக வரி கட்டுகிறான் என்பதை மறக்கலாகாது. விகிதத்தில் சமம்; சுமையில் சமமன்று.

கொடுத்ததை மட்டும் கணக்கிட்டுப் பெற்றதை விட்டுவிடுவதும் நியாயமன்று. 2011 ஜூன் முதல் ரேஷன் அரிசி இங்கே இலவசமாயிற்று. 2016 மே முதல் இரண்டு மாதத்துக்கு 100 யூனிட் மின்சாரம் எல்லா வீடுகளுக்கும் கட்டணமின்றி அளிக்கப்பட்டது. கர்நாடகம் 2023-இல், சில நிபந்தனைகளுடன், மாதம் 200 யூனிட் வரை இலவசமாக்கிற்று. கூலியையும் சேர்த்துப் பார்க்க வேண்டும். கிராம வேலை உறுதித் திட்டத்தில் 2025-26-ஆம் ஆண்டுக்கு நிர்ணயித்த தினக்கூலி தமிழ்நாட்டில் 336 ரூபாய், கேரளத்தில் 369, கர்நாடகத்தில் 370, உத்தரப் பிரதேசத்தில் 252. வரி, விலை, கூலி, உதவி ஆகிய நான்கையும் ஒரே ஏட்டில் எழுதிப் பார்த்தால்தான் ஒரு குடும்பத்தின் உண்மை நிலை விளங்கும். ஒன்றை மட்டும் பிடித்துக்கொண்டு பேசுவது, யானையின் வாலைத் தடவியவன் கதையாகவே முடியும்.

இத்தனையும் சொன்ன பிறகு, நம் கருத்தில் முக்கியமான கேள்வி வேறு. எந்த ராஜ்யத்தில் வரி அதிகம் என்பதல்ல அது. நம் ராஜ்யத்தின் வரி யார் தலையில் விழுகிறது என்பதே அது. 1921-ஆம் ஆண்டு செப்டம்பரில் மகாத்மா காந்தி இதே மதுரையில்தான் மேலாடையைக் களைந்து, ஏழைக் குடியானவனின் அரைத்துணியைத் தம் உடையாக ஏற்றார். நாட்டின் காரியங்களை அளக்கும் கோல் கடைசி ஏழையே என்பது அச்செயலின் பொருள். 1930-இல் தண்டியிலும் வேதாரண்யத்திலும் உப்பெடுத்ததும் அந்தக் கோலைக் கொண்டுதான். உப்பு வரி சொற்பமே. ஆனால் கோடீசுவரனும் கூலிக்காரனும் ஏறக்குறைய ஒரே தொகை கட்டினார்கள். அந்த அநீதியே ஜனங்களைக் கிளர்ந்தெழச் செய்தது. 1947-இல் அவ்வரி ஒழிந்தது. அதன் அநீதி ஒழிந்துவிட்டதா?

மேலூரிலிருந்து மதுரைக்குச் சுமார் 30 கிலோமீட்டர். மோட்டார் சைக்கிளில் தினமும் வேலைக்கு வந்து போகும் ஒரு கொத்தனார் ஏறத்தாழ ஒரு லிட்டர் பெட்ரோல் போடுகிறார் என்று கொள்வோம். ஆண்டில் 300 நாள் வேலை. லிட்டருக்கு 11 ரூபாய் 52 பைசா என்ற பகுதியை மட்டும் கணக்கிட்டாலும், அவர் ராஜ்யப் பொக்கிஷத்துக்குச் செலுத்துவது 3,456 ரூபாய். 13 சதவீதப் பகுதி தனி. மத்திய சர்க்காரின் தீர்வை தனி. மாதம் லட்சக்கணக்கில் சம்பாதிப்பவரிடம் தொழில் வரியாக ஆண்டுக்கு 2,500 ரூபாய்க்கு மேல் வாங்கலாகாது என்று அரசியல் சட்டமே வரம்பு கட்டியிருக்கிறது. 1988-இல் விதித்த வரம்பு அது. செல்வர் வருமான வரி செலுத்துகிறார் என்பது மெய்யே. அவ்வரியை விதிப்பது மத்திய சர்க்கார். ராஜ்யத்தின் கையிலுள்ள கருவிகள் பெரும்பாலும் வாங்குவோனைப் பிடிக்கின்றன. ஈட்டுவோனை அவை பிடிப்பதில்லை என்பதே நாம் கூறுவது.

இந்தக் கருவிகளில் கொடியது மது வருமானம். இதன் சரித்திரத்தை வாசகர்கள் நினைவுபடுத்திக்கொள்ள வேண்டும். 1937 அக்டோபர் 1-ஆம் தேதி ராஜாஜியின் மந்திரிசபை சேலம் ஜில்லாவில் மதுவிலக்கைத் தொடங்கிற்று. அதனால் ஏற்பட்ட நஷ்டத்தை ஈடுசெய்யவே 1939-இல் சென்னை மாகாணத்தில் பொது விற்பனை வரி பிறந்தது. இந்தியாவில் அத்தகைய வரி அதுவே முதலாவது. குடியை ஒழிப்பதற்காக வியாபாரியும் வாங்குவோனும் அந்தச் சுமையைத் தோளில் ஏற்றுக்கொண்டார்கள். 1948 அக்டோபர் 2-இல் மாகாணம் முழுவதும் மதுவிலக்கு வந்தது. 1971-இல் அது தளர்ந்தது. 2003-இல் சில்லறை மது விற்பனையையே சர்க்காரின் டாஸ்மாக் ஸ்தாபனம் ஏற்றுக்கொண்டது. கள்ளை ஒழிக்க வந்த வரியும் நிலைத்தது. கள்ளுக்குப் பதிலாகச் சர்க்காரே விற்கும் சாராயமும் நிலைத்தது! 2003-04-இல் 4,000 கோடி ரூபாய்க்கும் குறைவாயிருந்த இவ்வருமானம் 2023-24-இல் 45,000 கோடியைத் தாண்டிற்று. ராஜ்யத்தின் சொந்த வரி வருவாயில் நாலில் ஒரு பங்குக்கும் மேல் இது. கூலியில் பாதியைக் கடையில் வைத்துவிட்டு வெறுங்கையுடன் வீடு திரும்பும் கணவனை நோக்கி நிற்கும் மனைவியிடம், அண்டை ராஜ்யத்தைவிட இங்கே பெட்ரோல் மலிவு என்று சொன்னால் அவள் சிரிப்பாளா, அழுவாளா?

நம் நகரத்தின் கதையையும் சொல்லாமல் இருக்க முடியாது. 2022-இல் தமிழ்நாட்டு நகரங்களில் வீடுகளின் சொத்து வரி 25 முதல் 150 சதவீதம் வரை உயர்த்தப்பட்டது. சிறு வீட்டுக்காரர் முணுமுணுத்துக்கொண்டே கட்டினார். 2025-இல் மதுரைக் கார்ப்பொரேஷனில் வணிகக் கட்டடங்கள் பலவற்றுக்கு வரி முறைகேடாகக் குறைக்கப்பட்டது என்ற புகாரின் பேரில் போலீஸ் வழக்கும் கைதுகளும் நிகழ்ந்தன. மண்டலத் தலைவர்கள் ராஜிநாமாச் செய்தார்கள். குற்றவாளி யார் என்று தீர்மானிப்பது நியாயஸ்தலத்தின் பொறுப்பு. ஆனால் ஒன்று எவருக்கும் விளங்கும். பெரிய கட்டடம் கட்டாமல் விடுவதைச் சிறிய வீடுதான் கட்ட வேண்டியிருக்கிறது. யோக்கியன் கொடுக்கும் வரியில் ஒரு பகுதி அயோக்கியனுக்காகவும் கொடுப்பதாகும். விகிதப் பட்டியல் எதிலும் இச்சுமை அச்சாவதில்லை.

மத்திய சர்க்காரின் பங்கையும் மறைக்க வேண்டுவதில்லை. 2011-ஆம் ஆண்டு ஜனக்கணக்குப்படி நாட்டின் ஜனத்தொகையில் தமிழ்நாட்டின் பாகம் ஏறத்தாழ 6 சதவீதம். 2021-26 காலத்துக்குப் பதினைந்தாவது நிதிக் கமிஷன் பகிர்ந்தளித்த வரியில் நமக்கு வகுத்தது 4.079 சதவீதமே. பெட்ரோல் மீதான மத்தியத் தீர்வையின் பெரும்பகுதி, ராஜ்யங்களுடன் பகிர வேண்டாத விசேஷ வரியாகவே வசூலாகி வந்திருக்கிறது. ஏழை ராஜ்யங்களுக்கு உதவுவதை நாம் ஆட்சேபிக்கவில்லை. தேசம் ஒன்று என்பவர்கள் அதை ஆட்சேபிக்கவும் கூடாது. ஆனால் பகிர வேண்டிய தொகையைப் பகிராத தலைப்புக்கு மாற்றுவது நேர்மையன்று. டில்லி குறைத்துக் கொடுத்தது என்று கூறி, அந்தக் குறையைச் சாராயக் கடையில் நிரப்பிக்கொள்வதும் நேர்மையன்று.

ஆகவே நாம் கேட்பது மூன்று. முதலாவது, ஒவ்வோர் ஆண்டும் வரவு செலவுத் திட்டத்துடன், கூலிக்காரன், சிறு வியாபாரி, சம்பளக்காரன், செல்வன் ஆகிய ஒவ்வொரு வகைக் குடும்பமும் கட்டிய வரி எவ்வளவு, பெற்ற உதவி எவ்வளவு, அண்டை ராஜ்யங்களில் இவை எவ்வளவு என்ற கணக்கைச் சட்டசபையின் முன் வைக்க வேண்டும். இரண்டாவது, மதுரைக் கார்ப்பொரேஷன் ஒவ்வொரு வீதியிலும் எந்தக் கட்டடத்துக்கு எவ்வளவு வரி என்பதை எவரும் பார்க்கும்படி பகிரங்கப்படுத்த வேண்டும். வெளிச்சத்தில் வைத்த கணக்கைத் திருத்துவது எளிதன்று. மூன்றாவது, மது வருமானம் ஆண்டுதோறும் இவ்வளவு குறையும் என்று நாள் குறித்து உறுதி கூறி, அந்த இடத்தைக் கட்டக்கூடியவர்களிடமிருந்து நிரப்ப வேண்டும். 1939-இல் செய்யத் துணிந்ததை இன்று செய்ய முடியாதென்பது சாக்குப்போக்கே.

அண்டை வீட்டு விளக்கு பெரிதா, நம் வீட்டு விளக்கு பெரிதா என்ற ஆராய்ச்சியில் தவறில்லை. ஆனால் நம் விளக்குக்கு எண்ணெய் யார் வீட்டுக் கலயத்திலிருந்து வருகிறது என்பதை முதலில் பார்க்க வேண்டும். அந்தக் கலயம் ஏழையின் கலயமாயிருக்குமட்டும், எந்த ராஜ்யத்துடன் ஒப்பிட்டு எவ்வளவு பெருமை பேசினாலும் அது நமக்குக் கௌரவமாகாது.