மீன் உயிரோடு போய்ச் சேர்ந்தால்தான் விற்பனை

பல வருடங்களுக்கு முன்னர் பிளாஸ்டிக் சாமான் வியாபாரத்தோடு வளர்ப்பு மீன்களும் விற்று வந்தேன். அப்போது அக்கரைப்பற்றுத் தம்பி ஒருவர் கொழும்புக்கு வந்து என்னிடம் கொள்முதல் செய்தார். வெளிநாட்டில் உழைத்த காசில் ஊரில் சிறிய மீன் கடையொன்று திறக்கவிருந்தார். கப்பி, மொலி, தங்கமீன் என்று 14 பைகள். இரவு பஸ்ஸில் ஏற்றிவிட்டேன். காலையில் தொலைபேசி வந்தது.

"நானா, ஒம்பது பேக் செத்திட்டு. தண்ணியெல்லாம் பால் மாதிரி இருக்கு. நான் இப்ப என்னத்த விக்கிற?"

பஸ்காரர் எஞ்சின் மூடிக்கு மேல் வைத்திருப்பார், சூட்டில் செத்திருக்கும் என்று சமாளித்தேன். அது பாதி உண்மையாக இருக்கலாம். மீதிப் பாதி எனக்குத் தெரியும். மீன்கள் கொழுத்துத் தெரியட்டும் என்று அன்று பின்னேரம் நன்றாகத் தீனி போட்டிருந்தேன். வழக்கமாக 100 கப்பி போடும் பையில் 150 போட்டிருந்தேன். பஸ் கூலி மிச்சம் என்று நினைத்தேன்.

இந்தத் தொழிலில் இறங்கும் பலர் செய்வது இதே தவறைத்தான். இன்று நமது பிள்ளைகள் பலர் வீட்டுக் கொல்லையில் தொட்டி கட்டி மீன் வளர்க்கிறார்கள். கையடக்கத் தொலைபேசியில் படம் காட்டி ஊர் ஊராக விற்கிறார்கள், சிலர் ஏற்றுமதியாளர்களுக்கும் கொடுக்கிறார்கள். வளர்க்கத் தெரிகிறது, விலை பேசவும் தெரிகிறது. அனுப்பத்தான் தெரியவில்லை.

பைக்குள் நடப்பதை விளங்கிக்கொண்டால் பாதி நட்டம் குறையும். மீன் சுவாசித்து ஒட்சிசனைக் குறைக்கிறது, காபனீரொட்சைட்டை வெளிவிடுகிறது. கழிவிலிருந்து அமோனியா சேருகிறது. வயிறு நிறையத் தின்ற மீன் பயணம் முழுவதும் கழித்துக்கொண்டே போகும். அந்தத் தண்ணீர்தான் பால் மாதிரிக் கலங்கிப்போய் இருந்தது. ஆகவே சிறிய மீன்களுக்குக் குறைந்தது ஒரு நாள், பெரிய தங்கமீன்களுக்கு இரண்டு நாள் தீனி நிறுத்த வேண்டும். பட்டினி போடுவது பாவமில்லையா என்று என் வீட்டுக்காரியே கேட்டதுண்டு. தின்ன வைத்து அனுப்பிக் கொல்வதுதான் பாவம் என்றேன்.

பையில் மூன்றிலொரு பங்கு தண்ணீரும் மூன்றிலிரண்டு பங்கு சிலிண்டர் ஒட்சிசனும் இருக்க வேண்டும். பம்பியால் அடிக்கும் சாதாரணக் காற்றில் ஒட்சிசன் 21 வீதந்தான். நீண்ட பயணத்துக்கு அது போதாது. பையை இரட்டையாகப் போட்டு மூலைகளை மடித்து ஒட்டிவிட வேண்டும், இல்லாவிட்டால் சின்ன மீன்கள் மூலையில் அகப்பட்டு நசுங்கும். முள்ளுள்ள கெளிற்று வகைகளுக்கு இரு பைகளுக்கும் இடையில் பத்திரிகைத் தாள் வைப்பது பழைய ஆட்களின் வழக்கம், நல்ல வழக்கம். பைட்டர் மீனைத் தனித்தனிப் பையில்தான் போட வேண்டும், அது எல்லோருக்கும் தெரிந்ததே. வெளியே ரெஜிபோம் பெட்டி இல்லாமல் பஸ்ஸிலும் அனுப்பாதீர்கள். நடத்துனரிடம் எஞ்சின் பக்கம் வேண்டாம் என்று வாயால் சொல்வதோடு பெட்டியிலும் பெரிதாக எழுதிவிடுங்கள்.

கட்டுநாயக்க வழியாக அனுப்புவோருக்குக் கணக்கு இன்னும் இறுக்கமானது. கால்நடை உற்பத்தி சுகாதாரத் திணைக்களத்தின் சுகாதாரச் சான்றிதழ் வேண்டும், உயிருள்ள பிராணிகளுக்கான அயாட்டா விதிகளின்படி பெட்டி கட்ட வேண்டும். அதற்குமேல் விமானக் கூலி. ஒரு லீற்றர் தண்ணீர் ஒரு கிலோ. எடை குறைவாக இருந்தாலும் பெட்டியின் அளவைப் பார்ப்பார்கள். பொதுவான கணக்கின்படி நீளம், அகலம், உயரத்தைச் சென்ரிமீற்றரில் பெருக்கி 6000 ஆல் பிரிப்பார்கள். 60க்கு 45க்கு 30 பெட்டியென்றால் 13.5 கிலோ. நிறுத்த எடை, இந்தக் கணக்கு, இரண்டில் எது கூடவோ அதற்கே கூலி. மலிவான மீன்களில் கூலி மீனின் விலையையே தாண்டிவிடும். ஆகவேதான் தண்ணீரைக் குறைத்து மீனைக் கூட்டும் ஆசை வருகிறது.

அந்த ஆசைக்கு விலை கொடுப்பவர் வாங்குபவர். இந்தத் தொழிலில் பொதுவான வழக்கம், செத்த மீனின் விலையை அடுத்த பில்லில் கழித்துக் கொடுப்பது. விமானக் கூலியைக் கழிப்பவர் அரிது. ஒரு ரூபா மீனுக்கு இரண்டு ரூபா கூலி கட்டியவருக்கு நாம் ஒரு ரூபாவைத் திருப்பிக் கொடுத்துவிட்டு நீதியாக நடந்துவிட்டோம் என்று நினைக்கிறோம். அவர் சண்டை பிடிக்க மாட்டார். அடுத்த முறை வேறு நாட்டிலிருந்து எடுப்பார். என் அபிப்பிராயம், பையில் நான்கிலொரு பங்கு மீனைக் குறைத்துப் போடுங்கள், விலையைக் கொஞ்சம் கூட்டிக் கேளுங்கள், காரணத்தையும் சொல்லுங்கள். விபரம் தெரிந்தவர் தருவார். தராதவர் எப்படியும் நிலைக்க மாட்டார்.

பயணம் 30 மணித்தியாலம் என்றால் 48 மணித்தியாலம் தாங்குமாறு கட்ட வேண்டும். 2010 ஏப்ரலில் ஐஸ்லாந்து எரிமலைச் சாம்பலால் ஐரோப்பிய வான்பரப்பு நாட்கணக்கில் மூடப்பட்டது. அப்படியொன்றுக்கு எந்தப் பையும் தாங்காதுதான். ஆனால் ஓர் இணைப்பு விமானம் தவறுவது அடிக்கடி நடப்பது, அதற்குத் தாங்க வேண்டும். விமானத்தில் இடம் உறுதியாகுமுன் மீனைப் பைக்குள் போடாதீர்கள். மறுமுனையில் பெட்டியை எடுக்க ஆளில்லாத விடுமுறை நாளில் போய் இறங்குமாறும் அனுப்பாதீர்கள்.

வாங்குபவரின் பக்கமும் தவறு உண்டு. நீண்ட பயணத்தில் பைத் தண்ணீரில் காபனீரொட்சைட்டு கூடி அமிலத்தன்மை ஏறும். அதனால் அமோனியா பெரும்பாலும் நஞ்சு குறைந்த வடிவில் இருக்கும். பையைத் திறந்ததும் வாயு வெளியேறும், அமிலத்தன்மை இறங்கும், அமோனியாவின் நஞ்சு ஏறும். திறந்த பையில் மீனை மணிக்கணக்கில் வைத்துத் தொட்டித் தண்ணீரைக் கொஞ்சங் கொஞ்சமாக ஊற்றுவது பக்கத்து ஊரிலிருந்து வந்த மீனுக்குச் சரி. கடல் கடந்து வந்த மீனுக்கு ஆபத்து. மூடிய பையைக் கால் மணி, இருபது நிமிடம் தொட்டியில் மிதக்கவிட்டுச் சூட்டைச் சமப்படுத்தி, திறந்தவுடன் மீனை மட்டும் வலையால் எடுத்து விட வேண்டும். பைத் தண்ணீர் தொட்டிக்குள் போகக்கூடாது. இதை ஒரு தாளில் எழுதிப் பெட்டிக்குள் வையுங்கள்.

செத்ததைத் திறக்காத பையோடு படமெடுத்து எத்தனை மணித்தியாலத்துக்குள் அனுப்ப வேண்டும், கூலியில் யார் எவ்வளவு பொறுப்பு என்பதையெல்லாம் காசு கைமாறுமுன் எழுதிக்கொள்வது இரு பக்கத்துக்கும் பாதுகாப்பு. பத்துச் செத்ததை இருபது என்று சொல்லும் வாடிக்கையாளரும் இருக்கத்தான் செய்கிறார்.

அந்த அக்கரைப்பற்றுத் தம்பியிடம் ஒரு வருடம் கழித்துப் போனேன். ஒன்பது பையின் விலையையும் பஸ் கூலியையும் கொடுத்து, தீனி போட்ட கதையையும் சொன்னேன். காசை எண்ணி வாங்கினார், தேநீர் தந்தார். கடையில் மீன்கள் நன்றாகவே இருந்தன. எங்கிருந்து எடுக்கிறீர்கள் என்று கேட்டேன். கண்டியில் ஒருவரிடம் என்றார்.