நீட்டி மடக்கினால் நிமிர்ந்து நடக்கலாம்

பணி ஓய்வுக்குப் பின் புனேயில் பிள்ளைகளோடு தங்கியிருக்கும் நம்மவர்கள் இருவர் சந்தித்தால், பேச்சு எங்கு தொடங்கினாலும் முழங்காலில்தான் போய் முடிகிறது. தரையில் உட்கார்ந்தால் எழ முடியவில்லை. பரண் பாத்திரத்துக்குக் கை எட்டவில்லை. "வயசாயிடுச்சு" என்று சொல்லி ஆறுதல் அடைகிறோம். வயது ஒரு காரணம்தான். ஆனால் எல்லாப் பழியையும் அதன் தலையில் போடுவது நியாயமில்லை என்பது என் கருத்து.

ஊரில் பந்திப்பாயில் சம்மணமிட்டோம், கிணற்றில் நீர் இறைத்தோம், அம்மியில் அரைத்தோம். மூட்டுகள் அவற்றின் முழு அளவுக்கு அசைந்தன. இங்கே சோபாவும் லிஃப்டும் அந்த வேலைகளை எடுத்துக்கொண்டுவிட்டன.

ரயில் பாதையில் வேலை பார்த்தவன் என்பதால் ஓர் உதாரணம் சொல்கிறேன். தண்டவாள இணைப்பில் விடும் சிறு இடைவெளி, வெயிலில் இரும்பு நீள்வதற்காக. அங்குள்ள ஃபிஷ் பிளேட்டுகளை ஆண்டுக்கு ஒருமுறை கழற்றி, துடைத்து, மசகு தடவ வேண்டும். துருவேறி இறுகிப்போனால், கோடையில் பாதை நெளியும் ஆபத்து உண்டு. மனித மூட்டுக்கோ மசகு உள்ளேயே இருக்கிறது. அசைத்தால்தான் அது எங்கும் பரவும். அசைக்காவிட்டால் சுற்றியுள்ள தசையும் திசுவும் குறுகி இறுகும்.

இதற்கு வழிகாட்டியை நாம் வெளியூரில் தேட வேண்டியதில்லை. கர்நாடகத்தின் பெல்லூரில் 1918-ல் பிறந்த பி.கே.எஸ். ஐயங்கார், இளமையில் காசநோயால் நலிந்தவர். தம் அக்காள் கணவரும் குருவுமான கிருஷ்ணமாச்சாரியார் அனுப்ப, 1937-ல் யோகாசனம் கற்பிக்கப் புனேக்கு வந்தார். வந்த ஊரிலேயே வேரூன்றி, 2014-ல் மறையும்வரை இங்கேயே வாழ்ந்தார். வயலின் மேதை யெஹூதி மெனுஹின் அவரிடம் கற்ற பிறகு உலகம் அவரை அறிந்தது. மனைவி ரமாமணியின் பெயரில் அவர் அமைத்த நிலையம் 1975 முதல் மாடல் காலனியில் இயங்குகிறது.

அவருடைய பெரிய கொடை, என் பார்வையில், கடினமான ஆசனங்கள் அல்ல. நாற்காலி, பெல்ட், மரக்கட்டை, சுவரில் கட்டிய கயிறு ஆகியவற்றைத் துணையாக வைத்து, குனிய முடியாதவரும் முடிந்த அளவு குனியலாம் என்று காட்டினாரே, அதுதான்.

"நான் தினமும் வாக்கிங் போகிறேனே!" என்பார்கள். நல்லது, விடாதீர்கள். ஆனால் நடையில் தோளும் இடுப்பும் முழுதாக விரிவதில்லை. வாரத்தில் இரண்டு மூன்று நாளாவது தோள், இடுப்பு, தொடையின் பின்புறம், கெண்டைக்கால் ஆகியவற்றை மெல்ல நீட்டி, அரை நிமிடம் அப்படியே நிறுத்துங்கள். நாற்காலியைப் பிடித்துக்கொண்டே செய்யலாம். குலுக்க வேண்டாம், மூச்சை அடக்க வேண்டாம். இழுப்பு தெரியலாம்; வலி கூடாது. டிசம்பர் காலைக் குளிரில், நாலு அடி நடந்து உடல் சூடான பிறகே தொடங்குங்கள். எலும்புத் தேய்வு, கண் அழுத்தம், ரத்த அழுத்தம் உள்ளவர்கள் மருத்துவரைக் கேட்காமல் ஆழமாகக் குனிவதோ, தலைகீழாக நிற்பதோ கூடாது.

நீட்டுவது மட்டும் போதாது. 65 வயதைக் கடந்தவர்கள் நடையோடு, வாரம் மூன்று நாளாவது உடல் சமநிலைக்கும் வலுவுக்குமான பயிற்சிகளும் செய்ய வேண்டும் என்று உலக சுகாதார நிறுவனம் 2020-ல் கூறியது. கீழே விழுவதைத் தடுக்க அவை அவசியம்.

நம் நிலையில் இது வெறும் ஆரோக்கிய விஷயமும் அல்ல. மராத்தி சரளமாக வராத ஊரில், பகலெல்லாம் மகனும் மருமகளும் அலுவலகத்தில். காய் வாங்கவும் கோயிலுக்குப் போகவும் சொந்தக் கால் உதவினால்தான் நாம் சுதந்திரர்கள். இல்லையேல் ஜன்னலோரமே உலகம்.

ஆகவே சங்கத்துக்கு ஒரு வேண்டுகோள். மாதக் கூட்டத்தில் சொற்பொழிவுக்கு முன் இருபது நிமிடம், முறையாகப் பயின்ற ஓர் ஆசிரியரை வைத்து, பெரியவர்களுக்கு நாற்காலிப் பயிற்சி நடத்தலாம். செலவு அதிகம் இல்லை. நாற்காலிகள் ஏற்கெனவே இருக்கின்றன. இதுவரை அவற்றில் உட்கார்ந்து மட்டுமே பழகியிருக்கிறோம்.